வாழைச்சேனை நத்தார் நினைவுகள்

நேயர்களே, மழை விடாது பெய்துகொண்டிருக்கும் ஓர் இரவை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரம். கடல் கொந்தளிக்கின்றது, வாழைச்சேனை வாவி கரைதட்ட நிறைந்து நிற்கின்றது, வயலிலே நெல் இன்னும் பச்சையாக இருக்கின்றது. ஓலைக்கூரை ஒன்றின் கீழ், குசினியில், ஒரு தகரப்பெட்டியைச் சுற்றி ஆறு பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள். பெட்டிக்குள்ளே கேக்கு வேகின்றது. மூடியின்மேல் தணல், அடியில் மணலும் தணலும். 'ஒருத்தரும் மூடியைத் திறக்கப்படாது' என்பது அம்மம்மாவின் கட்டளை. அந்த ஆறு பிள்ளைகளுள் ஒருவன் நான்.

இளமையிற் கண்ட பண்டிகையைப் பற்றி ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பேசத் தொடங்கினால், 'அந்தக் காலம் போல் வருமா' என்று முடிப்பது வழக்கம். நான் அவ்வாறு பேச வரவில்லை. அந்த இரவிலே எங்கள் குசினிக்குள் இருந்த ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, அவற்றுள் எது போயிற்று, எது நின்றது என்பதைச் சொல்லுவதே என் நோக்கம். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டவனுக்கு விளக்கம் சொல்லாமல் நினைவை மட்டும் சொல்ல வருவதில்லை, பொறுத்தருள்க.

முதலிற் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பதை நாம் நத்தார் என்கிறோம். இது போர்த்துக்கீசர் தந்த சொல். அவர்கள் மொழியில் 'நத்தால்' என்றால் பிறப்புத் திருநாள். அது இலத்தீனிலிருந்து பிறந்தது. 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் பத்தே ஆண்டுகள் அதில் இருந்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆயினும் நாடு முழுவதிலும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். நத்தார் தினத்திலே எங்கள் வீட்டில் மேசை இழுத்துப் போடப்படும், வாங்கு துடைக்கப்படும், அலமாரியின் சாவி தேடப்படும், புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும், குசினியில் தாச்சி ஏறும், காலையில் பாண் வரும். இவ்வாக்கியத்தில் வந்த மேசை, வாங்கு, அலமாரி, சாவி, சப்பாத்து, குசினி, தாச்சி, பாண் யாவும் போர்த்துக்கீசச் சொற்களின் வழிவந்தவை. எண்ணெயிலே அச்சைத் தோய்த்துச் சுடும் கொக்கிஸ் ஒல்லாந்தர் வழிவந்த பெயர். கேக்கு ஆங்கிலேயன் கொணர்ந்தது. முறுக்கும் பயற்றம் உருண்டையும் எங்கள் பாட்டிமாருடையவை. ஆட்சி செய்தவர்கள் ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். அவர்களுடைய பலகாரங்களோ ஒரே தட்டில் சண்டையின்றிக் கிடந்தன.

மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் இதற்கும் ஒருபடி மேல். போர்த்துக்கீசத்தின் வழிவந்த கிரியோல் மொழியை நூற்றாண்டுகள் பலவாக வீட்டுமொழியாகக் காத்து வந்தவர்கள் அவர்கள். நத்தார்க் காலத்திலே அவர்களுடைய வயலின் இசையும் ஆட்டமும் கேட்கவென்றே பக்கத்து வீதியார் வாசலில் வந்து நிற்பதுண்டு. சிறுவயதில் ஒருமுறை நானும் நின்றேன். பொருள் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கால் மட்டும் தாளம் போட்டது.

இனி, நத்தார் என்றதும் ஏன் எனக்கு அம்மம்மாவின் வீடு நினைவுக்கு வருகின்றது, அப்பம்மாவின் வீடு வருவதில்லை? இதற்கு விடை கிழக்கு மாகாணத்தின் குடும்ப வழக்கத்தில் உள்ளது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். குடிவழியும் தாய் வழியாலேயே எண்ணப்படும். ஆகவே ஒரு வளவிலே மூத்த மகளுக்குப் பழைய வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் புதுவீடு என்று சகோதரிகள் அருகருகே வாழ்வார்கள். பெரியம்மாவின் பிள்ளைகளும் சின்னம்மாவின் பிள்ளைகளும் நாமும் ஒரே கிணற்றில் குளித்து வளர்ந்தோம். மதம் மாறியபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. சைவர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், முஸ்லிம்கள் எல்லாரிடத்தும் இது உண்டு. தகரப்பெட்டியைச் சுற்றி ஆறு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள் என்றேனே, அவர்களுள் என் உடன்பிறந்தாள் ஒருத்தியே. மற்றை நால்வரும் சகோதரிகளின் பிள்ளைகள். அப்பாமார் மூவரும் அந்த வளவுக்கு வந்து சேர்ந்தவர்கள். குசினியில் அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

என் தந்தையார் கடதாசி ஆலைத் தொழிலாளி. கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் காலத்தில் திட்டமிடப்பட்டு, 1956இல் தொடங்கிய ஆலை அது. வைக்கோலை அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். அந்த ஆலையால் வாழைச்சேனை வேறோர் ஊர் ஆயிற்று; நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேலைக்கு வந்து சேர்ந்தனர். கூழ் அவிக்கும் எந்திரத்துக்குப் பண்டிகை தெரியாது. இரவுபகலாக முறைவைத்து வேலை நடக்கும். டிசம்பர் 24ஆம் திகதி இரவு முறை தந்தையாருக்கு விழுந்தால், கூட வேலைசெய்யும் சிங்கள நண்பரோ முஸ்லிம் நண்பரோ அதனை ஏற்றுக்கொள்வர். வெசாக்குக்கும் பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் தந்தையார் அந்தக் கடனைத் தீர்ப்பார். இதனை எவரும் எழுதி வைத்ததில்லை. யார் யாருக்கு எத்தனை இரவு கடன் என்பது தொழிலாளர் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆலையிலிருந்து எங்கள் பண்டிகைக்கு வேறு இரண்டு பொருள்களும் வந்தன. ஒன்று வைக்கோல். வைக்கோல் ஏற்றி வரும் லொறிகள் வீதி வளைவிலே சிந்திவிட்டுப் போவதைப் பொறுக்கி எடுத்துத்தான் பாலன் குடிலுக்குக் கூரை வேய்ந்தோம். இந்தக் குடிலுக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. 1223ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்துக் கிரேச்சோ என்னும் மலையூரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஒரு குகையில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பெத்தலகேம் காட்சியைக் காட்டினார் என்பர். எழுதப் படிக்கத் தெரியாத கமக்காரருக்குப் பிரசங்கத்தால் விளங்காததை வைக்கோலால் விளக்கினார் அவர். எங்கள் குடிலோ அதற்கு ஒரு வயலையும் சேர்த்துக்கொண்டது. நத்தாருக்குப் பத்து நாள் முன்னர் சிரட்டைகளிலே மண் நிரப்பி நெல்லை முளைக்க வைப்போம். பாலன் பிறக்கும் இரவிலே குடிலைச் சுற்றி நான்கு அங்குல உயரத்துக்குப் பச்சை நாற்று நிற்கும். மலைக்குச் சிமெந்துப் பைக் கடதாசி; ஆற்றுக்கு உடைந்த கண்ணாடி. கூரைமேலே, ஆங்கிலேயரின் வாழ்த்து அட்டையைப் பார்த்து, பஞ்சு வைப்போம். அது என்ன என்று சின்னத் தம்பி ஒருநாள் கேட்டான். 'பனி' என்றார் பெரியம்மா. 'இஞ்ச மழையல்லவா பெய்யுது?' என்றான் அவன். பதில் சொல்ல எவருக்கும் தெரியவில்லை. பஞ்சு மட்டும் அடுத்த ஆண்டும் இருந்தது.

மற்றைய பொருள் நட்சத்திரக் கூடு கட்டும் வித்தை. தந்தையாரின் சிங்கள நண்பர் ஒருவர் வெசாக் கூடு கட்டுவதில் வல்லவர். ஐந்து சிலாகைகளை எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னினால் ஐந்து முனையும் சமமாக நிற்கும், இரண்டு நட்சத்திரங்களை எவ்வாறு முதுகோடு முதுகாகக் கட்டி நடுவில் குச்சி கொடுத்து உப்பச் செய்வது, கோதுமை மாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் கரப்பான் அரிக்காது என்பனவெல்லாம் அவர் கற்பித்தவை. புத்தபிரானின் பிறந்தநாள் விளக்கே சற்று உருமாறி எங்கள் முற்றத்துச் சவுக்கங்கிளையிலே நத்தார் விளக்காகத் தொங்கியது. சவுக்கு எதற்கு என்கிறீர்களா? நத்தார் மரம் ஜெர்மானியர் வழக்கம். 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த பின்னர் அது ஆங்கிலேயர் வீடுகளிற் பரவி, அவர்கள் ஆண்ட நாடுகளுக்கும் வந்தது. ஊசியிலை மரம் எங்கள் கடற்கரையில் ஏது? சவுக்கு ஓரளவு அதன் சாயல். அவ்வளவே.

தகரப்பெட்டிக்கு மீள்வோம். நத்தார் வருவது எங்கள் ஊரின் வறுமைக் காலத்திலே. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும். தோணி கடலுக்குப் போகாது. பெரும்போக நெல் அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். வீட்டுக் குதிரிலே பழைய நெல் அடியிற் கிடக்கும். வடபுலக் கரையோரத்தார் இக்காலத்தைப் 'பாலன் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எத்துணைப் பொருத்தமான பெயர்! பஞ்சத்திலே வரும் பண்டிகைக்கு ஆண்டு முழுதும் ஆயத்தம் வேண்டும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மம்மா ஒரு பிடியை மீள எடுத்து மண்பானையில் இடுவார். பெரியம்மா சீட்டுக் கட்டினார். நவம்பர் தொடக்கம் கோழிமுட்டை ஒன்றையும் எங்களுக்குக் காட்டமாட்டார்கள். தவிட்டுக்குள் புதைத்து எண்ணிக்கை வைத்திருப்பார்கள்.

நான் 1968இல் பிறந்தவன். எனக்கு நினைவு தெரிந்த முதல் நத்தார்கள் எழுபதுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அக்காலத்தில் இறக்குமதி இறுக்கமாகத் தடுக்கப்பட்டிருந்தது. கோதுமை மாவும் சீனியும் கூப்பன் அளவுக்கே. பிளம்ஸ் என்று நாம் சொல்லும் முந்திரிகை வற்றலைக் கண்ணாற் காண முடியாது. அம்மம்மா பப்பாசிக்காயைச் சிறுசிறு கட்டியாக அரிந்து, சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்துக் கழுவி, சீனி குறைந்ததால் கருப்பட்டியும் சேர்த்துப் பாகிலே காய்ச்சுவார். சுண்ணாம்பு எதற்கென்றால், காயின் மேற்புறத்தை இறுகச் செய்து, பாகிலே கரையாமல் காப்பதற்கு. பாதிக் கட்டிகளுக்குப் பீற்றூட்டுச் சாற்றால் நிறம் ஏற்றுவார். 1977க்குப் பின்னர் கடைகளில் உண்மையான பிளம்ஸ் வந்தது. கேக்கிலே போட்டார்கள். நாங்கள் பப்பாசி எங்கே என்று கேட்டோம்.

பெட்டி போதாத ஆண்டுகளில் கேக்குத் தட்டைச் சாக்கால் மூடி, குடை பிடித்து, ஓட்டமாவடியில் முஸ்லிம் ஒருவருடைய பேக்கரிக்குக் கொண்டுபோவோம். விறகிட்டு எரிக்கும் போறணையிலே முதலில் பாண் வேகும். அதற்குக் கடுஞ்சூடு வேண்டும். பாணை இறக்கியபின் சூடு மெல்லத் தணியும். அந்தத் தணிந்த சூடே கேக்குக்கு உகந்தது. நத்தாருக்கு முந்திய இரண்டு இரவுகள் அந்தப் போறணையிலே கிறிஸ்தவர் வீட்டுத் தட்டுகள் வரிசை பிடித்து நிற்கும். அவர் கூலி வாங்கமாட்டார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு. அதுவும் அவருடைய பிள்ளைகளுக்கு.

உறவினர் பொலன்னறுவைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார்கள். ஓட்டமாவடி இரும்புப்பாலத்தில் அக்காலம் ரயிலும் வாகனமும் ஒரே தடத்தில் போகவேண்டும். வாகனங்களுக்கு வேறு பாலம் வந்தது 2010இலே. ரயில் வந்தால் பஸ் நின்றே ஆகவேண்டும். 'பாலத்தடியில் நிக்கிறாங்களாக்கும்' என்பது நத்தார் மாலைகளில் எங்கள் வீட்டில் ஒரு சாந்தி வசனம்.

வானொலியும் ஓர் உறவினர்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்க் கல்லூரிச் சிற்றாலயத்து நத்தார்ப் பாடல் ஆராதனை 1928இல் முதன்முதல் ஒலிபரப்பானது. 1932இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் நத்தார் உரை வானொலியில் வந்தது. எங்களுக்கு அவை எட்டவில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை எட்டியது. 24ஆம் திகதி இரவு அதில் வரும் கீதங்களைக் கேட்டபடியே கொக்கிஸ் சுடுவார்கள். மின்கலம் தீரும் நிலையில் இருந்தால் அதனை எடுத்து வெயிலில் வைப்பது ஊர்வழக்கம். டிசம்பரில் வெயில் ஏது? அடுப்பருகே வைத்து, அது உருகி, பெரியப்பாவிடம் நான் வாங்கியது இன்றும் முதுகில் இருக்கிறது.

இனித் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மேற்சொன்ன யாவும் இதற்கு முன்னுரையே.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து சிறிது கண்ணயர்ந்தபின், 25ஆம் திகதி காலையிலே அயல் வீடுகளுக்குத் தட்டு அனுப்புவோம். ஒரு துண்டுக் கேக்கு, நான்கு முறுக்கு, இரண்டு கொக்கிஸ், ஒரு சீப்புக் கதலிப்பழம். மேலே பூவேலை செய்த வெள்ளைத் துணி. ஆயினும் எல்லாத் தட்டும் ஒன்றல்ல. மார்கழியில் விரதமிருக்கும் சைவ வீட்டுக்கு முட்டை சேர்ந்த எதுவும் போகாது. முஸ்லிம் வீடுகளுக்கென்று, பிறண்டி ஒரு துளியும் கலவாத கேக்கு, வேறு தட்டில், முதலாவதாகவே சுடப்பட்டிருக்கும். 'அவங்க நம்பித் திங்கிறாங்க' என்பார் அம்மம்மா. அந்த நம்பிக்கைக்காக மாக் குழைக்கும் சட்டியும் அகப்பையும் தனியாக இருந்தன. அவற்றில் இறைச்சி படக்கூடாது. எனக்குத் தெரிந்தவரை அச்சட்டியை எவரும் ஏமாற்றியதில்லை.

தட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. ஒரு கை சீனியோ, இரண்டு முட்டையோ, ஒன்றுமில்லாவிடில் நான்கு வெற்றிலையோ இட்டே கொடுப்பர். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து ஆவியில் அவித்தது. பெருநாள் பிறைக்கணக்கின்படி வருவதால் ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நத்தாரும் பெருநாளும் அடுத்தடுத்து வரும். நான் பிறந்த 1968இல் அவ்வாறு வந்தது. பெருநாள் நத்தாருக்கு மூன்று நாலு நாள் முன். அவ்வாண்டு இருவீட்டு அடுப்பும் ஒரு வாரம் அணையவில்லை என்று அம்மம்மா சொல்லுவார். எந்தத் தட்டு யாருடையது என்பதே மறந்துபோயிற்றாம்.

எங்களோடு மிக நெருங்கியிருந்தது ஓட்டமாவடியில் ஒரு வீடு. அந்த வீட்டுத் தாயை நாங்கள் உம்மா என்றே அழைத்தோம். அவருடைய தட்டு, நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டு; ஓரத்தில் ஓரிடம் பொடிந்திருக்கும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிற்று. 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். விடிந்தபோது மாவட்டத்தின் தென்னந்தோட்டங்கள் ஏறக்குறைய முற்றாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. எனக்குப் பத்து வயது. அந்த மாதத்திலே எங்களுக்குக் குறைவில்லாதிருந்த பொருள் தேங்காய் ஒன்றே. விழுந்த குலைகள் எங்கும் கிடந்தன. அது கடைசித் தேங்காய் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதுத் தென்னை நட்டாலும் காய்க்க ஆறேழு ஆண்டு செல்லும். நத்தார் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். குடில் கட்ட வைக்கோலும் நனைந்து அழுகிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் அதனை ஏற்றுக்கொண்டோம். கூரை இல்லாத வீட்டில் நட்சத்திரத்தை எங்கே தொங்கவிடுவது?

23ஆம் திகதி பின்னேரம் உம்மா வந்தார். அவர் வீட்டிலும் பாதிச் சுவர்தான் நின்றது. நிவாரணக் கடையிலே தம் குடும்பத்துக்குக் கிடைத்த சீனியை அந்த நீலக்கரைத் தட்டிலே கொட்டித் துணியால் மூடிக் கொண்டுவந்திருந்தார். அம்மம்மா வாங்க மறுத்தார். 'பிள்ளையளுக்குப் பெருநாள் வருதே, மனே. ஒன்டுமில்லாமப் போகப்படாது' என்றார் உம்மா, அருகில் நின்ற என்னைப் பார்த்து. அன்றிரவு மழைப்படங்கின் கீழே தேங்காயைத் துருவி அந்தச் சீனியிற் கிளறித் தேங்காய் டொபி செய்தார்கள். துண்டுகளை எண்ணிப் பிரித்தார்கள். 25ஆம் திகதி காலை நான் கொண்டுபோன முதல் தட்டு நீலக்கரைத் தட்டு. அவருடைய சீனி அவரிடமே திரும்பிச் சென்றது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் யுத்தம். இதனை விரித்துரைக்க நான் விரும்பவில்லை, கேட்பவர்களுக்கும் தெரிந்ததே. ஊரடங்குச் சட்டத்தால் நள்ளிரவுப் பூசை மாலைப் பூசையாயிற்று. கரோல் பாட இரவில் போக எவருக்கும் துணிவில்லை. 1985இலும் 1990இலும் கிழக்கிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரங்கள் நிகழ்ந்தன. 1985க்குப் பின்னும் தட்டுப் போய்வந்தது. ஆனால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். 1990 ஏப்ரல் இறுதியில் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது. தட்டைக் கழுவிவைத்த அம்மா, எங்கள் வளவுக் கறுத்தக் கொழும்பான் மா பழுக்கட்டும், அதை நிரப்பிக் கொடுப்போம் என்றார். மா பழுப்பதற்குள் ஜூன் வந்துவிட்டது. யுத்தம் மீண்டும் தொடங்கியது. இருபக்கத்திலும் உயிர்கள் போயின; நாங்கள் ஓர் இடம், அவர்கள் ஓர் இடம். தட்டு எங்களிடம் நின்றுவிட்டது.

அத்தட்டிலே எவரும் உண்ணக்கூடாது என்று அம்மா விலக்கிவைத்தார். மூன்றுமுறை இடம்பெயர்ந்தோம், மூன்றுமுறையும் அது வந்தது. 2000ஆம் ஆண்டில் நத்தாரும் நோன்புப் பெருநாளும் மீண்டும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு தட்டும் எங்கும் போகவில்லை. 2002இல் எங்கள் ஊரிலேயே மறுபடியும் கலவரம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதியை, போர்நிறுத்தக் காலமாதலால், பல ஆண்டுகளுக்குப்பின் ஒரு பண்டிகையாகக் கொண்டாடினோம். மதிய உணவு கல்குடாவிலே தாய்வழி உறவினர் வீட்டில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் உண்ட பீங்கான்கள் அந்த வீட்டில் இன்னும் கழுவப்படாமலிருந்த வேளையிலே கடல் வந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று. மட்டக்களப்பிலே பறங்கியர் வாழ்ந்த டச்பார்க் கரையும் அழிந்தது. வயலின் வாசித்த கைகள் சிலவும் அவற்றுள் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவிலே, மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துப் பூசையின்போது பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றுமுதல் எங்கள் வளவில் நட்சத்திரம் 25ஆம் திகதி இரவோடு இறக்கப்படும். 26ஆம் திகதி முற்றத்தில் மெழுகுதிரி மட்டும்.

சிற்றன்னையின் மகன், பனி எங்கே என்று கேட்ட அந்தத் தம்பி, இன்று சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இழந்த வீட்டை எண்ணி ஏங்கும் நிலைக்கு மேனாட்டார் வழங்கும் 'நொஸ்டால்ஜியா' என்ற பெயரை உண்டாக்கியவர் யொகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர். 1688இல், அந்தச் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரிலே. வீடு திரும்புதல், நோவு என்னும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். வேற்று நாடுகளிற் கூலிக்குப் போர்செய்த சுவிஸ் வீரர்கள் ஊரை எண்ணி உடல் மெலிந்தமையால், பின்வந்த மருத்துவரும் இதனைச் சுவிஸ் தேசத்தாரின் நோய் என்றே நெடுங்காலம் கருதினர். இன்று அந்தத் தேசத்திலே பல்லாயிரம் ஈழத்தமிழர் அதே நோயோடு வாழ்கிறார்கள். வீடு நிறையப் பனி பெய்துகொண்டிருக்கும்போது தம்பி தொலைபேசியில் அழைத்து, 'அண்ணா, தவளை கத்துதா?' என்று கேட்கிறான். நான் தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே பிடிப்பேன்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டு நத்தாருக்கு அம்மா தட்டை எடுத்தார். பிறண்டி இல்லாத கேக்கு, முறுக்கு, கொக்கிஸ்; நான் கொண்டுசென்றேன். உம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் கடை வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை உடனே அறிந்துகொண்டார், தட்டை அறியவில்லை. 'இது எங்கட வீட்டுத் தட்டா?' என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடிந்த ஓரத்தைக் காட்டினேன். அவருக்கு நினைவு வரவில்லை. தேநீர் தந்தார். அவருடைய மனைவி கேக்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தட்டைக் கழுவி, கடையிலிருந்து ஒரு பொதி பிஸ்கற்றை எடுத்து அதில் வைத்துத் தந்தார். அவருடைய தட்டை நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். சட்டப்படி அது மறுபடியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அம்மாவுக்கு அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாயிற்று.

அடுத்த பெருநாளுக்கு அம்மா அதில் மாம்பழம் அனுப்பினார். அதன்பின் அது போகவும் வரவும் தொடங்கிற்று. வட்டிலப்பத்துக்குப் பதிலாகச் சில ஆண்டுகளில் கடையில் வாங்கிய கேக்கு வரும். எங்கள் கேக்கும் இப்போது மின்போறணையிற் சுடுவதே. பப்பாசியை இன்றும் போடுகிறோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மாண்டவருள் ஞாயிற்றுப் பாடசாலைக்கு வந்த சிறுவர்கள் பலர். அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நான் பாடசாலையில் அதிபர். அந்த வாரங்களில் வீதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜூன் முதல் வாரத்திலே நோன்புப் பெருநாள். தட்டு அப்போது அவர்கள் வீட்டில் இருந்தது. அம்மா காலை தொடக்கம் விறாந்தையிலே நாற்காலியைப் போட்டுப் படலையைப் பார்த்தபடி இருந்தார். யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாலையாயிற்று. விளக்கு ஏற்றினோம். எவரும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவருடைய மகன் துவிச்சக்கர வண்டியில் வந்தான். முன்கூடையில் நீலக்கரைத் தட்டு. அதிலே வட்டிலப்பம், வீட்டில் அவித்தது. 'நேற்று வர வாப்பா வேணாமென்டாரு, அதிபர். இண்டைக்கு உம்மா போகச் சொன்னா' என்றான். அம்மா உள்ளே போய், எழுந்துநிற்கச் சிரமப்பட்டபோதும், தவிட்டுப் பானைக்குள் தாமே கைவிட்டு ஆறு முட்டைகளை எடுத்துத் தட்டிலே வைத்துக் கொடுத்தார்.